நாகராஜன் காதில் ஓடிய பாட்டு

முகத்துக்கு நேரே நான் நாகராஜனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பக்கம் போய்விட்டால் அவன், இவன்தான். இப்போது எதிரில் இல்லை. அதனால் அவன் என்றே சொல்கிறேன்.

தென்காசியில் சாரல் இன்னிசைக் குழு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடைத் திருவிழா, குற்றால சீசன் நேரத்தில் ஐந்தருவிப் பக்கம் போடுகிற மேடை, எங்கே கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டுப் பாடுவோம். குழுவுக்கு முதலாளி நாகராஜன். ஆண் பாடகனும் அவனே. பெண் குரல் நான், மாரிச்செல்வி. கீபோர்டு வாசிப்பது பீர் மைதீன் அண்ணன். ரிதம் பேட், கிட்டார் எல்லாம் அன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்.

நாகராஜனுக்குக் குரல் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். காளைமாட்டுக்கும் இருக்கிறது. சுருதிதான் கிடையாது. பாட்டை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதனால் அவன் வரி வருவதற்கு முன்னால் நான் மைக்கை விலக்கிக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முதல் சுரத்தை முனங்கிக் கொடுப்பேன். அதைப் பிடித்து ஏறிவிடுவான். ஊர் கைதட்டும். அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிவான். இதற்காக அவன் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்தப் பெட்டி வந்து ஏறியது.

டிவியில் வருகிற பெரிய பாடகர்கள் காதில் ஏதோ மாட்டியிருப்பதை நாகராஜன் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் மாட்டுவது விலை கூடின சாமான். இவனுக்கு ஆன்லைனில் மலிவாக ஒரு செட் அகப்பட்டது. சங்கதி ரொம்ப எளிது. ஒரு சின்னப் பெட்டியை மிக்சரில் சொருகினால் அது பாட்டைக் காற்றில் அனுப்பும். இடுப்பில் மாட்டுகிற ரிசீவர் அதை வாங்கிக் காதுக்குக் கொடுக்கும். தன் குரலும் வாத்தியமும் பாடுகிறவன் காதுக்குள்ளேயே கேட்கும். நல்ல பொருள்தான். மலிவாக இருந்தாலும் ஒழுங்காக வேலை செய்தது. பொருள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது போய்ச் சேர்ந்த காதுமேல்தான்.

அதை மாட்டியதிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. புரோட்டாக் கடையில் உட்கார்ந்து சால்னா ஊற்றிக்கொள்ளும்போதுகூட வயர் கழுத்தில் தொங்கும். சப்ளையர் கேட்டால், "இது மானிட்டர் தம்பி, பாடகருங்க போடுறது" என்று மெட்ராஸ் தமிழில் சொல்லுவான். மெட்ராசுக்கு அவன் போனது மச்சினன் கல்யாணத்துக்கு ஒருதடவை.

செட்டில் ரிசீவர் இரண்டு. ஒன்று அவனுக்கு. டூயட் பாடுகிறவள் நான் என்பதால் மற்றது எனக்கு வரும் என்று நினைத்தேன். பீர் மைதீன் அண்ணனுக்குப் போனது. போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்த கச்சேரிக்குச் சாமான் ஏற்றும்போது பார்த்தால், மேடையில் எங்கள் பக்கம் திருப்பி வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரைக் காணவில்லை. இத்தனை காலமும் என் குரல் எனக்குக் கேட்டது அதில்தான்.

"அந்தப் பெட்டி எங்க அண்ணாச்சி?" என்றேன்.

"அத வித்தாச்சு. இனிமே எதுக்கு அதச் சுமந்துகிட்டு? அதான் காதுலயே வருதுல்லா."

"உங்க காதுல வருது. நான் எதுல கேக்க?"

"நீ பழைய ஆளு. உனக்கு இதெல்லாம் சரிப்படாது. கண்ண மூடிட்டுப் பாடு, தன்னால வரும்."

வரவில்லை. கடையத்தில் ஒரு கல்யாண மண்டபம். பக்கத்தில் ரிதம் பேட் இடிக்கிறது. முன்னால் இருக்கிற ஸ்பீக்கர் சத்தம் பின்சுவரில் முட்டித் திரும்பி வருவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. என் குரல் எங்கே நிற்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கத்தினேன். கத்தினால் சுருதி மேலே போகும், போனது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

பந்தியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பெண் வீட்டுக்காரரிடம் நாகராஜன் சொல்லிக்கொண்டிருந்தான். "என்ன செய்ய அண்ணாச்சி, வயசாகுதுல்லா. அந்தப் பிள்ளைக்குக் குரல் போச்சு. பாவம்னு வச்சிருக்கேன்."

எனக்கு அவனைவிட நாலைந்து வயது குறைவு. கையில் இருந்த சோற்றை அவன் முதுகில் எறியத் தோன்றியது. சாப்பாட்டின்மேல் இருந்த மரியாதையில் எறியவில்லை.

அடுத்தடுத்த கச்சேரிகளிலும் அதே கதைதான். அவனும் அதே பேச்சைப் போகிற ஊரெல்லாம் இறைத்துவிட்டு வந்தான். செங்கோட்டையில் இருந்து என் சித்தி போன் பண்ணி, "குரல் போயிட்டாமே, டாக்டர்ட்ட காட்டினியாட்டி?" என்று கேட்டாள். எனக்குப் பாட்டைத் தவிர வேறு தொழில் தெரியாது. மாரிச்செல்விக்குக் குரல் போச்சு என்று ஊர் நம்பிவிட்டால் எந்தக் கல்யாண வீட்டுக்காரன் என்னைக் கூப்பிடுவான்? குரல் இருக்கும்போதே என்னை ஊமையாக்குகிறான் என்று எனக்கு அழுகையாக வந்தது. அழுதுவிட்டு, அவன் செட் வந்த காலி அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். சாமான் அறையில் வயர் போட வைத்திருந்தார்கள்.

பெட்டியின் மேலேயே படம் போட்டிருந்தது. அனுப்புகிற பெட்டி ஒன்று, அதைச் சுற்றி ரிசீவர் வரிசையாக எத்தனையோ. ஒரே சேனலில் வைத்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். அதாவது அவன் நினைத்திருந்தால் எனக்கு ஒரு ரிசீவர் மட்டும் தனியாக வாங்கிக் கொடுத்திருக்கலாம். சரி, நானே ஒன்று வாங்கினேன். சேனல் எண் கண்டுபிடிக்க நான் துப்பறியவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வாங்கும்போது எந்த எண்ணில் இருந்ததோ அதே எண்ணில்தான் அவன் செட் கிடந்தது. அதை மாற்றலாம் என்பதே அந்த மேதைக்குத் தெரியாது.

அச்சன்புதூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் முப்பிடாதி அம்மன் கோயில் கொடை. சாயங்காலம் எங்கள் கச்சேரி. ரிசீவரை இடுப்பில் சொருகிச் சேலையை மேலே விட்டேன். ஒரு காதில் மட்டும் மாட்டினேன். பிச்சிப்பூவை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டதும் ஒன்றும் தெரியவில்லை.

கச்சேரிக்கு முன்னால் கொடைக் கமிட்டித் தலைவர் இசக்கியப்பன் மேடைக்கு வந்தார். "குற்றாலத்துல இருந்து தீர்த்தம் வந்துகிட்டு இருக்கு. தெருவுக்குள்ள மேளச் சத்தம் கேட்டதும் பாட்டு நின்னுரணும். பாதி வரியா இருந்தாலும் சரி. போன வருசம் வந்த குழு நிப்பாட்டல, பெறவு பெரிய சண்டையாப் போச்சு."

இந்தப் பக்கத்தில் பாடுகிற எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். தீர்த்தக்குடம் வரும்போது சினிமாப் பாட்டு ஓடக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டும். நாகராஜன் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான். மேளம் கேட்டதும் அவன் முழங்கையைத் தட்டி நிறுத்துவதும் இத்தனை வருடமாக என் வேலைதான். ஏனென்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். பெரிய பாடகர்கள் அப்படித்தான் பாடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள்.

முதல் பாட்டு தொடங்கியதும் என் காதில் கேட்டதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பீர் மைதீன் அண்ணன் வாசிப்பு கொஞ்சம் கேட்டது. நாகராஜன் குரல் மலைபோலக் கேட்டது. என் மைக் அதில் துளிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சினிமாவில் வந்த ஒரிஜினல் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. பாடினவர் குரல், வயலின், தபலா எல்லாம். மிக்சர் பக்கத்தில் அவன் போன் சொருகியிருந்தது. போனில் பாட்டைப் போட்டு, அது காதுக்கு மட்டும் வருகிற மாதிரி வைத்துவிட்டு, கூடவே பாடுகிறான். நான் முனங்கிக் கொடுத்த சுருதி எதனால் வேண்டாமல் போனது என்று அப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன் ஐம்பது வயதிலும் பார்த்துத்தான் எழுதுகிறான்.

எனக்கு வாத்தியம் கேட்டதே போதுமாக இருந்தது. என் முறை வந்ததும் பாடினேன். குரல் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. பீர் மைதீன் அண்ணன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கூட்டத்தில் விசில் பறந்தது. நாகராஜனுக்கு அது எதுவும் தெரியாது. அவன் காதில்தான் நான் இல்லையே.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவன் தன் மைக்கின் சத்தத்தை மிக்சரில் கீழே இழுத்தான். இழுத்துவிட்டால் அவன் பேசுவது ஊருக்குக் கேட்காது, காதுக்கு மட்டும் போகும். பீர் மைதீன் அண்ணனிடம் பேசுவதற்கு அவன் கண்டுபிடித்த வழி.

"ஐந்தருவி மேடைக்குப் புதுப் பிள்ளை ஒண்ணப் பேசிட்டேன் பீரு. சின்னப் பிள்ளை, சொன்னத கேக்கும். இவள இன்னைக்கோட கழிச்சு விட்டுருவோம். குரல் போச்சுன்னு எல்லாவனும் நம்பிட்டான். இனிமே யாரும் நம்மளக் கேக்க மாட்டான்."

பீர் மைதீன் அண்ணனுக்கு இது கேட்கவில்லை. தன்னைப்போல இன்னொருத்தன் கீபோர்டு வாசிப்பதைக் காதில் கேட்டுக்கொண்டு வாசிக்க அவருக்கு என்ன தலைவிதியா? முதல் பாட்டிலேயே கழற்றிக் கழுத்தில் போட்டுவிட்டார். கேட்டது நான் மட்டும்.

மானிட்டரை விற்றது அலட்சியம் இல்லை, கருமித்தனமும் இல்லை. நான் கெட்டுப்போக வேண்டும் என்றே விற்றிருக்கிறான். சுருதி தெரியாத ஒருத்தனுக்கு இத்தனை வருடம் சுருதி கொடுத்தேனே, அந்தச் சுருதியைத்தான் என்னிடமிருந்து பறிக்கப் பார்த்திருக்கிறான்.

மூன்றாவதாக ஒரு காதல் டூயட். அவன் தன் மைக்கை மறுபடி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடினான். பாதிப் பாட்டில் தெருமுனையில் மேளம் கேட்டது. பீர் மைதீன் அண்ணன் சட்டென்று கையை எடுத்தார். பேட் நின்றது. நான் மைக்கைத் தாழ்த்திச் செருப்பைக் கழற்றினேன். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கைகூப்பினார்கள். தீர்த்தம் வந்துகொண்டிருந்தது. முன்னால் கோமரத்தாடி இசக்கிப்பாண்டி, அம்மன் தன்மேல் இறங்கி ஆடுகிறவர், வேப்பிலையும் கையுமாக. பின்னால் குடம் சுமந்த பெண்கள்.

நாகராஜன் பாடிக்கொண்டே இருந்தான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? வாத்தியம் நின்றதே தெரியாது. போனில் வயலினும் தபலாவும் ஜோராக ஓடிக்கொண்டிருக்கின்றனவே. என் காதிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மேளக்காரர்களே திகைத்து அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊர் முழுக்க அமைதி. அந்த அமைதிக்கு நடுவே அவன் குரல் மட்டும், வாத்தியத் துணை இல்லாமல், அப்பட்டமாக, உன் இடை மெலிந்தது என்கிற மாதிரி ஒரு வரியைப் பாடிக்கொண்டிருந்தது.

நான் அவன் முழங்கையைத் தட்டியிருக்கலாம். பீர் மைதீன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தட்டவில்லை. பழைய ஆளுக்கு இதெல்லாம் சரிப்படாது.

அவன் வரி முடிந்தது. அடுத்தது பெண் வரி. காதில் ஒரிஜினல் பாட்டின் பாடகி பாடத் தொடங்கினார். அவன் வாயை மூடி, மூடிய கண்ணோடு புன்னகைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். "ஆகா" என்றான். யாருக்கோ பதில் சொல்லுகிற மாதிரிக் கையை விரித்தான். மேடையில் சத்தமே இல்லை.

"தண்ணியப் போட்டிருக்கானா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"ஏலே, சும்மா கிட. அவன் மொகத்தப் பாரு. யாருகிட்டயோ பேசுதாம்லே. அம்ம வந்திருக்கா." முதல் குடம் சுமந்துவந்த பேச்சித்தாய்தான் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் குலவையும் போட்டாள். அவள் போட்டதும் எல்லாப் பெண்களும் போட்டார்கள். நின்றிருந்த மேளம் சாமி வரவழைக்கிற அடிக்கு மாறியது. கூட்டம் மேடையை நெருங்கியது.

காது அடைத்திருந்தாலும் மேளத்தின் இடி பலகை வழியாகக் காலில் ஏறியிருக்கும். நாகராஜன் கண்ணைத் திறந்தான். எதிரே கோமரத்தாடி. கைகூப்பிய ஊர். தீர்த்தக்குடம். நிறுத்திய வாத்தியம். ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மிக்சர் பக்கம், அந்தப் போன் பக்கம், அவன் கண் ஓடியதை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்லிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் திட்டோடு போயிருக்கும். ஆனால் போனை வைத்துப் பாடினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக அவன் அம்மனாகவே ஆகத் தயார். ஆனான்.

முதலில் கை நடுங்கியது. பிறகு தோள். பிறகு அந்தத் தொப்பை. "ஏய்ய்" என்று ஒரு சத்தம் போட்டான், அதுவும் சுருதி சேராமல்.

பேச்சித்தாய் மேடையில் ஏறி ஐந்தருவியில் மொண்டுவந்த குடத்தை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். தண்ணீர் சட்டைக்குள் இறங்கி இடுப்பில் இருந்த ரிசீவருக்குள் போனது. அது சாகிறபோது காதுக்குள் என்ன கத்தியதோ, அவன் தரையை விட்டு எகிறிக் குதித்தான். ஒரு காதில் இருந்து வயர் தெறித்தது. ஊர் மெய்சிலிர்த்துக் குலவை போட்டது. அந்த ஒரு குதி மட்டும் நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். என் காதில் பாட்டு இன்னும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

கோமரத்தாடி இசக்கிப்பாண்டி அவனை உற்றுப் பார்த்தார். வருடா வருடம் விரதம் இருந்து ஆடுகிறவருக்கு இது என்ன சாமி என்று தெரியாமலா இருக்கும்? அவன் நெற்றியில் அழுத்தித் திருநீறு பூசினார். "வந்திருக்கது யாருன்னு கேளுங்க. குறி கேளுங்க" என்று விலகி நின்றார்.

முதல் ஆளாக நான் போனேன். அவன் முன்னால் கைகூப்பி நின்று, மைக்கை அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"தாயீ, எனக்குக் குரல் போயிட்டுன்னு ஊரெல்லாம் பேசுதாவ. நெசமாத் தாயீ?"

அவன் கண்ணை உருட்டினான். ஆட்டத்தைக் கூட்டினான். பதில் சொல்லாமல் ஆடியே தப்பிக்கப் பார்த்தான். நான் தலையைச் சாய்த்து, பிச்சிப்பூவை மெதுவாக விலக்கிக் காதைக் காட்டினேன். அவன் செட்டில் இருக்கிற அதே கருப்பு முளை. நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு அப்படியே நின்றது. ஐந்தருவி, புதுப் பிள்ளை, எல்லாவனும் நம்பிட்டான் என்றதெல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. பிறகு மறுபடி ஆடினான்.

"உன் குரலுக்கு ஒரு கொறையும் இல்ல மகளே." ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது.

"அப்படிச் சொன்னவன என்ன செய்யணும் தாயீ?" என்று பேச்சித்தாய் கேட்டாள். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றாமல் போனது.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அவன் அறியாப் பிள்ளை. மன்னிச்சு விட்டுரு" என்றான். அம்மனாக ஆன பிறகும் அவனுக்குத் தன்னைத் தவிர வேறு நினைப்பு இல்லை. எனக்கு வந்த சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

"இனிமே இந்தச் சன்னதியில யாரு தாயீ பாடணும்?" என்று நானே கேட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீதான்" என்றான். கமிட்டித் தலைவர் இசக்கியப்பன் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேளம் மறுபடி எழுந்தது. தீர்த்தம் கோயிலுக்குள் போனது. நாகராஜனையும் ஈரத்தோடு இழுத்துக்கொண்டு போய்ச் சன்னதி வாசலில் உட்கார வைத்து, கழுத்தில் வேப்பிலை மாலை போட்டார்கள். பூசை முடிந்ததும் கச்சேரி தொடர வேண்டும் என்று கமிட்டி சொன்னது. நான் காதில் இருந்ததைக் கழற்றினேன். பீர் மைதீன் அண்ணன் கோயில் வில்லுப்பாட்டுக்காரரிடம் இரவல் வாங்கி ஒரு பழைய ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பி வைத்தார். மிச்சக் கச்சேரி முழுவதையும் நான் தனியாகப் பாடினேன். ஊர் நாற்காலியை விட்டு நகரவில்லை. கிழடு கட்டைகள் நாகராஜன் காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். சாமி வந்தவன் எழுந்து போகவும் முடியாது.

ஐந்தருவி மேடைக்கு அவன் புதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான்தான் பாடினேன். அவன் மிக்சர் பக்கத்தில் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த கொடைக்கு இசக்கியப்பன் தென்காசிக்கு நேரில் வந்தார், வெற்றிலை பாக்கோடு. எனக்கு ஒரு தட்டு, நாகராஜனுக்கு ஒரு தட்டு.

"மாரி இந்த வருசமும் பாடணும். அம்ம வாக்கு" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒரு தடவ வந்த எடத்துக்கு அம்ம வருசா வருசம் வருவா. நீங்க காப்புக் கட்டணும், விரதம் இருக்கணும், கொடையன்னைக்கு ஆடணும். மாட்டேன்னு சொல்லப்படாது. காதுல மட்டும் ஒண்ணும் மாட்டிட்டு வராதீங்க."

நாகராஜன் என்னைப் பார்த்தான். நான் என் தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து மடித்தேன்.

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். "சாமி காரியம்லா."